கார் கேள்வி பதில்: கியர் விழ அடம்பிடித்தால்...

கேள்வி: என் பெட்ரோல் ஹேட்ச்பேக் 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் தொல்லை இல்லை. மதியம் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று நின்று வந்தால் முதல் கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் ‘கறக்’ என்று கடிக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் சத்தமில்லாமல் விழுகின்றன. கியர் பாக்ஸை இறக்கச் சொல்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அணைத்தால் விழுகிறது, ஓடினால் விழவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கிளட்சை. பெடலை மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட் முழுதாக விடுபடாமல், இன்ஜினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலோடு உரசிச் சுற்றுகிறது. வண்டி நிற்க, கியர் பாக்ஸுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு, பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோனைசர் கிடையாது. அதனால்தான் அங்கே பல்லோடு பல் மோதுகிறது.

வண்டி சூடாக இருக்கும்போதே சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்து ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கடித்தால் கோளாறு கிளட்சில்தான்.

முதலில் காலடியைப் பாருங்கள். மேட் மேல் மேட் போட்டு, பெடல் கடைசி வரை இறங்காமல் கியர் பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு. அடுத்து, கேபிள் கிளட்சா, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா என்று பாருங்கள். கேபிள் என்றால் பெடலின் வெற்று ஆட்டம் கூடியிருக்கும், அல்லது நுனியில் இழை பிரிந்திருக்கும். ஆட்டத்தை மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். இழை பிரிந்த கேபிளை மாற்றிவிடுங்கள்.

ஹைட்ராலிக் என்றால், சூடேறினால் மட்டும் வரும் தொல்லை லைனில் காற்றையோ ஈரத்தையோ காட்டுகிறது. லைனில் உள்ள டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். கொதித்து உண்டாகும் குமிழ் அமுங்குமே தவிர தள்ளாது. பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்த உடனே கியர் விழுந்தால், ஒன்று லைனில் காற்று, இல்லையென்றால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. பெடலுக்கு மேலே, இன்ஜின் அறையைப் பிரிக்கும் ஃபயர்வால் ஓரம், கியர் பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட் மூன்றிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஒழுகும் சிலிண்டரை மாற்றாமல் ஏர் எடுத்து, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றிப் பயனில்லை.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். குமிழ் நிற்கும்வரை செய்யுங்கள். ஆயில் டப்பாவில் அளவு ‘மின்’ (குறைந்தபட்ச) கோட்டுக்குக் கீழே போனால் மறுபடி காற்று ஏறிவிடும். டப்பா மூடியில் டாட் 4 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் கடித்தால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்; அப்போதும் பார்க்க வேண்டியது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்.

கேள்வி: ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் மட்டும் கடிக்கிறது. கியர் ஆயில் மாற்றியபின் இன்னும் மோசம்.
– வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: ஒரே ஒரு கியர் கடித்தால் அது அந்த கியரின் சின்க்ரோனைசரில் உள்ள சின்க்ரோ ரிங் தேய்மானம். ஆயில் மாற்றியபின் கூடியது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். மேனுவலில் ஜிஎல்-4 தர ஆயில் என்றிருக்க, டிஃபரென்ஷியலுக்கான ஜிஎல்-5 ஊற்றியிருப்பார்கள். அதன் வழுக்கல் அதிகம், ரிங் பிடிக்காது. சில வகைகள் பித்தளை ரிங்கையும் அரிக்கும். வடித்துவிட்டு சரியான கிரேடை ஊற்றுங்கள். வடிக்கும் முன், ஆயில் ஊற்றும் துளையின் ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிப்போயிருந்தால் வடித்த வண்டி ரேம்பிலேயே நிற்கும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை. ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் ரிங் கரைகிறது. சரிசெய்யும் வரை, இரண்டுக்குப் போகும் முன் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுங்கள்.

கேள்வி: கியர் குமிழ் மேல் கை வைத்தே ஓட்டலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: கூடாது. கையின் எடை உள்ளே கியரைத் தள்ளும் கவையான செலக்டர் ஃபோர்க்கை, சுழலும் ஸ்லீவ் மேல் அழுத்தித் தேய்க்கும்.