மின்முனையைச் சூடாக்கினால் அளவீடு மேம்படுமா?

ஆந்திர எல்லையோரம் வாணியம்பாடியில் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாலாற்றங்கரைக் கிணற்று நீரில் ஈயத்தை அளந்தால் சிக்னல் மிகச் சிறிதாக வருகிறது, மின்முனையைச் சூடாக்கினால் உதவுமா?

நன்றாகவே உதவும். முழுக் கரைசலையும் சூடாக்க வேண்டியதில்லை. தலைமுடியைவிட மெல்லிய, 25 மைக்ரோமீட்டர் தங்கக் கம்பியை மின்முனையாக வைத்து, அதில் உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டம் செலுத்தினால் கம்பியும் அதை ஒட்டிய நீரும் மட்டும் சூடேறும். ஜெர்மனியின் ராஸ்டாக்கில் பீட்டர் க்ரூண்ட்லர் குழு 1990களில் வளர்த்தெடுத்த முறை இது.

சூடான நீர் மேலே போக, புது நீர் கீழிருந்து வந்து கம்பியைத் தொடும். அடுப்பில் பால் காயும்போது நடப்பதேதான். தனியாகக் கலக்கி வேண்டாம். அயனிகள் நீரில் தானாகப் பரவும் விரவலும் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் வேகமெடுக்கும்.

இந்த அளவீட்டில் முதலில் ஈயத்தை மின்முனையில் படியவைக்கிறோம், பிறகு அதைக் கரைத்தெடுத்து அப்போது வரும் மின்னோட்டத்தை அளக்கிறோம். படியவைக்கும்போது மட்டும் சூடேற்றுங்கள். கரைத்தெடுத்து அளக்கும்போது நிறுத்திவிடுங்கள். குடிநீரில் ஈய வரம்பே லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான், அதனால் சிக்னலின் உச்சம் கொஞ்சம் உயர்ந்தாலும் பெரிய விஷயம்.

அப்புறம், கம்பியின் வெப்பநிலையை ஊகிக்காதீர்கள். ஃபெர்ரோ-ஃபெர்ரிசயனைடு என்ற இரும்புச் சேர்மக் கரைசலில், சூடு ஏற ஏறக் கம்பியின் மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 1.6 மில்லிவோல்ட் இறங்கும். அதைக் கொண்டு கணக்கிடுங்கள். கம்பியில் குமிழி ஒட்டுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் சூட்டைக் குறையுங்கள், ஒரே குமிழி அளவீட்டைக் கெடுத்துவிடும்.