ஸ்டெயின் முதலிலா, சீலர் முதலிலா?

மேசை செய்து முடித்துவிட்டேன், மரத்துக்கு நிறம் ஏற்றும் ஸ்டெயின், துளைகளை அடைக்கும் சீலர், மேல்பூச்சுக்கு வார்னிஷ் எல்லாம் இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இன்றைக்குத் திறக்காதீர்கள்.

முதலில் உப்புத்தாள், தூசி துடைப்பு, அப்புறம் ஸ்டெயின், அது காய்ந்ததும் சீலர், லேசாக ஒரு தேய்ப்பு, கடைசியில் வார்னிஷ். ஸ்டெயினையும் சீலரையும் நான் மாற்றிப் போட்டவன், அதனால்தான் எழுதுகிறேன்.

மகளுக்குப் படிப்பு மேசை செய்தேன். வெறும் மரம் அழுக்காகிவிடுமே என்று முதலில் சீலர் அடித்து, மறுநாள் ஸ்டெயின் பூசினேன். சீலர் மரத்தின் துளைகளை அடைத்துவிடும், ஸ்டெயின் உள்ளே இறங்க வழியில்லை. மேலேயே பிசுபிசுவென்று நின்றது. காய்ந்துவிட்டது என்று நம்பி நாலாம் நாள் அவளை உட்கார வைத்தேன். எழுதிவிட்டுக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழுப்பு. நோட்டின் பின்னட்டை மேசையோடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. "பரவால்லப்பா" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, போகப்போக நைசான 120, 180, 220 என்று இழை ஓடும் திசையிலேயே தேய்த்தேன். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் கீறல் அப்போது தெரியாது, ஸ்டெயின் பட்டதும் கருங்கோடாக எழும்பும். மரத்தை ஒட்டும்போது வழிந்து காய்ந்த பசை இதற்கு நேர்மாறு. ஸ்டெயின் ஏறாமல் ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய திட்டு நின்றது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

"பைன் மரத்துக்கு முதலில் சீலர் அடிப்பார்களே" என்று யாராவது வருவார்கள். தெரியும். நிறம் திட்டுத்திட்டாக ஏறும் மரத்துக்கு நன்றாக நீர்த்த சீலரை மெல்லிசாகப் பூசுவது உண்டு. நான் அடித்தது கெட்டிச் சீலர், இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அந்த மேசையைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "மரம் வாங்கித் தர்றோம், எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு கொடு" என்கிறார்கள். ஒன்பது நாள் உழைப்பு யார் கணக்கிலும் வருவதில்லை.

சரி, உங்கள் மேசைக்கு வருகிறேன். எண்ணெய் ஸ்டெயினுக்கு மேல் தண்ணீர் வார்னிஷ் அடிப்பதாக இருந்தால், டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் காயட்டும். அவசரப்பட்டால் வார்னிஷ் பிடிக்காமல் உரிந்து வரும். ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள்.