சூடேறி நின்ற காருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: தேனியில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன். என் மாருதி ஸ்விஃப்ட் டீசல் கார் 2013 மே மாதம் பதிவானது. 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சரக்கெடுக்க வாரம் ஒருமுறை மதுரைக்குப் போய்வருவேன். போன வாரம் ஆண்டிபட்டி அருகே ரேடியேட்டர் குழாய் வெடித்து, நான் கவனிப்பதற்குள் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வேலை மட்டும் போதுமென்றால் 38,000 ரூபாய், முழு இன்ஜின் வேலை என்றால் 1,10,000, பழைய இன்ஜின் வாங்கி மாற்ற 70,000 என்கிறார் மெக்கானிக். அப்படியே கொடுத்தால் 80,000 தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். சென்ற ஆண்டுதான் டயர், பேட்டரிக்கு 28,000 செலவழித்தேன். என் மைத்துனரோ, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம், டீசல் கார் பத்து ஆண்டுக்கு மேல் ஓடவும் கூடாது, புதிது எடுங்கள்" என்கிறார். வங்கியில் 1,50,000 ரூபாய் வைப்பு இருக்கிறது. தனிநபர் கடன் வாங்கி வேலை பார்க்கலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: இன்சூரன்ஸ் கிடைக்காது. மோட்டார் பாலிசி விபத்து, திருட்டு போன்றவற்றுக்குத்தான். இயந்திரம் தானாகப் பழுதானால் அதில் இடமில்லை. பத்து ஆண்டுக் கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் உங்கள் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு, அதாவது 2028 மே வரை செல்லும். அதன் பிறகும் தகுதிச் சான்று பெற்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஆக, 2025 நவம்பரிலிருந்து கணக்கிட்டால் குறைந்தது 30 மாதம் கையில் இருக்கிறது. உங்கள் கணக்கை அந்த 30 மாதத்தில் வைத்துப் பாருங்கள்.

டயருக்கும் பேட்டரிக்கும் கொடுத்த 28,000 ரூபாயை மறந்துவிடுங்கள். காரை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பாது. கணக்கில் சேர வேண்டியது நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு செலவு: இன்று 80,000 ரூபாய்க்குப் போகும் காரை விற்காமல் வைத்திருப்பது, அந்த 80,000 ரூபாயையும் காரில் போடுவதற்குச் சமம்.

2028இல் ஓடும் நிலையில் விற்றால் 70,000 வரும் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். ஹெட் வேலைக்கு 38,000, விட்டுக்கொடுத்த 80,000, இவற்றில் 70,000 கழித்தால் 48,000. மாதத்துக்கு 1,600 ரூபாய். பழைய இன்ஜின் போட்டால் மாதம் ஏறக்குறைய 2,670. முழு இன்ஜின் வேலை என்றால் 4,000. மைத்துனர் சொல்லும் புது காருக்கு 5,50,000 ரூபாய் கடன் வாங்கினால், 9.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 11,550. சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 சதவீதமாகக் குறைந்த பிறகும் நிலைமை இதுதான். சிறிய கடையின் லாபத்திலிருந்து இது போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சுமைகூலிப் பழமொழி அவருடைய யோசனைக்குத்தான் பொருந்துகிறது.

நியாயமான போட்டி, மூன்று லட்சத்துக்கு வாங்கும் வேறொரு பழைய கார்தான். 30 மாதத்தில் அதன் விலை ஒரு லட்சமாவது தேயும்; மாதம் 3,300 ரூபாய். இதோடு ஒப்பிட்டால் உங்கள் காருக்கு 90,000 வரை செலவழிப்பது கணக்குப்படி தகும். ஆனால் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் எல்லாவற்றுக்கும் அதே வயதுதான். அவற்றுக்கென 30,000 ஒதுக்கிவிட்டால் இன்ஜினுக்கு உச்சவரம்பு 60,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் விற்றுவிடுங்கள்.

இனி எது பழுது என்று தெரிய வேண்டும். இந்த 1.3 லிட்டர் இன்ஜினில் அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் முதலில் வளைவது ஹெட்தான், இரண்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டும் போகும். சூடேறுவதற்கு முன்பு ஆயில் குறைந்துகொண்டே வந்ததா, நீலப் புகை தள்ளியதா? இரண்டும் இல்லையென்றால் ஹெட் வேலையோடு முடிய வாய்ப்பு அதிகம். ஹெட்டைக் கழற்றியதும் லேத் பட்டறையில் விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று நீங்களும் கூடவே நின்று பாருங்கள். கீறல் இருந்தால் முழு வேலைதான், அது நம் வரம்பைத் தாண்டுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரித்துப்போட்ட இன்ஜினோடு நிற்கும் காருக்கு 80,000 கிடைக்காது. ஆகவே பிரிப்பதற்கு முன்பே, "கழற்றிய நிலையில் எவ்வளவு தருவீர்கள்?" என்று புரோக்கரிடம் கேட்டு வையுங்கள். 15,000 குறைத்தாலும் பிரித்துப் பார்ப்பது லாபம் என்பேன். பாதிக்கு இறக்கினால் பிரிக்காமலே விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய இன்ஜினை நான் பரிந்துரைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஒரே இன்ஜின் பல கம்பெனிக் கார்களில் ஓடியதால் பஞ்சமில்லை. ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்கு யார் பொறுப்பு? ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் புது எண்ணைப் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பில் இல்லாத இன்ஜின் திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் நிலையத்துக்கும் நீங்கள்தான் நடக்க வேண்டும்.

பணத்துக்குத் தனிநபர் கடன் வேண்டாம். வைப்பை முன்கூட்டியே முறித்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் போகும். கடன் வட்டியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. மொத்தத்தையும் முறிக்காமல், தேவையான அளவுக்கு மட்டும் எடுக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் 38,000 ரூபாய்க்கான மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அதில் ரேடியேட்டர் குழாய்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹெட்டை மட்டும் சரிசெய்து பழைய குழாய்களையே மாட்டினால், அடுத்த முறை கார் உசிலம்பட்டியில் நிற்கும்.