அந்த நடுராத்திரிச் சங்கு

தம்பி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய மறுவாரமே நடுராத்திரியில் ஊர் அதிர சங்கு ஊதியது, தீயணைப்புக் கம்பெனி நன்கொடை கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது, இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு மன்னார்குடி வந்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

கடித முகவரி உங்கள் ஊர் நிலையத்தினுடையதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 'கம்பெனி' என்றால் வியாபாரம் இல்லை, ஊர்க்காரர்கள் சேர்ந்த குழு. 1736 டிசம்பர் 7 அன்று பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் சுமார் 30 பேரோடு யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தண்ணீருக்குத் தோல் வாளியும், எரியும் வீட்டுச் சாமான்களை அள்ளிக் காப்பாற்றப் பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். அதில் சேர முடியாதவர்கள் தனியாக இன்னொரு குழு கட்டினார்கள். அப்படியே பரவியது. 1871இல் பிலடெல்பியா சம்பள ஆட்களுக்கு மாறிவிட்டது. சிற்றூர்கள் மாறவில்லை. பென்சில்வேனியாவில் தீயணைப்புக் குழுக்களில் பெரும்பாலானவை இன்றும் தன்னார்வலர்களுடையவைதான். நடுராத்திரியில் நீங்கள் கேட்ட சங்கு அவர்களை வீட்டிலிருந்து கூப்பிடுவதற்குத்தான்.

நம்ம பக்கத்துக் குடிமராமத்தை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்குவார்களே, அதே மனசு.

எங்கள் அமெரிக்க வீட்டில் துணி காயவைக்கும் டிரையரில் பஞ்சு அடைத்துத் தீப்பிடித்த இரவில் முதலில் ஓடிவந்தவர் எங்கள் பிளம்பர். பின்னாலேயே என் மகளின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தார். தீயை அணைத்த பிறகு தரையில் தேங்கிய தண்ணீரையும் தள்ளிவிட்டுத்தான் போனார்கள். அந்த வாரமே நன்றி சொல்ல நிலையத்துக்குப் போனேன். சுவர் முழுக்கப் பழைய படங்கள்: கைப்பம்பு, குதிரை இழுத்த வண்டி, தாத்தா, மகன், பேத்தி என்று ஒரே குடும்பத்து முகங்கள். 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணிலிருந்து போனவன் நான். அந்தப் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அடுத்த பயிற்சி நாளில் பெயர் கொடுத்தேன்.

இப்போது ஆள் குறைந்துகொண்டே வருகிறது, அதுதான் பெரிய கவலை. முடிந்த பணத்தை அனுப்புங்கள். அப்புறம், பயிற்சி நடக்கும் மாலையில் ஒருமுறை நேரில் போங்கள். ஏணி ஏறத்தான் வேண்டும் என்றில்லை. கணக்கு எழுதவும், கிறிஸ்தவர்களின் தவக்கால வெள்ளியில் நிதிக்காக மீன் பொரித்து விற்கவும் ஆள் தேவை.

இன்னொன்று. பதற்றத்தில் கை 101ஐ அழுத்திவிடும். அங்கே 911. பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.