காளான் தானே வரையும் படம்

கே: போர்ட்டபெல்லோ காளானை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, ஏர்கான் அறையில் ஓர் இரவு வைத்தேன். காலையில் பழுப்பு நிறத்தில் ஈர வட்டம்தான் இருந்தது, காளானின் தூள் உதிர்ந்து படமாகப் பதியும் கோடுகள் விழவில்லை. ஏன்? (வாசகி, பிடோக், சிங்கப்பூர்)

ப: ஈர வட்டம் என்றால் காளான் நனைந்திருக்கிறது. கழுவவே கூடாது, உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டால் போதும்.

கோடு விழாததற்குக் காரணம் பெரும்பாலும் ஏர்கான். குடையின் அடியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் செதில்களில்தான் வித்துத்துகள் (விதைபோல் காளானைப் பரப்பும் தூள்) இருக்கும். ஒவ்வொரு துகளின் அடியிலும் நுண்ணிய நீர்த்துளி ஒன்று திரளும். அது துகளின் மேல் படர்ந்து கலக்கும்போதுதான் துகள் தெறித்துக் கீழே விழும். காற்று உலர்ந்திருந்தால் துளி திரளாது.

குடை நன்றாக விரிந்த காளானாகப் பார்த்து வாங்கி, காம்பைச் செதில் மட்டத்துக்கு ஒட்ட நறுக்குங்கள். தாளில் கவிழ்த்து, குடையின் மேல் ஒரே ஒரு சொட்டு நீர் விட்டு, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடுங்கள். ஏர்கான் இல்லாத அறையில் 12 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். ஒரு நாளுக்கு மேல் போனால் காளான் அழுகி நீர் விடும். மேசை சமமாக இருப்பது மிக முக்கியம்: செதில்கள் செங்குத்தாகத் தொங்கினால்தான் தூள் இடைவெளி வழியே இறங்கும். சாய்ந்தால் பக்கத்துச் செதிலில் ஒட்டிக்கொள்ளும், படம் ஒரு பக்கம் வெளிறிவிடும்.

எடுக்கும்போது இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள். தாளில் தெரியும் பழுப்புக் கோடு செதில் அல்ல, இரண்டு செதில்களுக்கு நடுவே உள்ள வெளி. வெள்ளையாக விட்டுப்போனதே செதிலின் விளிம்பு. மண்ணுக்கடியில் இழையாக ஓடும் பூஞ்சை தன் அடுத்த தலைமுறையைக் கொட்டும் பாதை அப்படியே பதிந்திருக்கும். எந்தத் தூரிகையாலும் இவ்வளவு நுணுக்கமாக வரைய முடியாது.

தூள் உதிராமல் தாளில் ஒட்டவைக்க, பேஸ்டல் ஓவியத்துக்கான ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மூன்று முறை மெல்லியதாக அடியுங்கள். கிட்டப் பிடித்தால் தூள் பறந்துவிடும். சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொண்டால் பூசணம் பிடிக்கும்.

சிப்பிக் காளானின் தூள் வெள்ளை என்பதால் கறுப்புத்தாள் வேண்டும். சந்தையில் முட்டை வடிவில் விற்கும் வைக்கோல் காளான் உதவாது, குடையே விரிந்திருக்காது.

கே: பூங்காப் புல்தரையில் முளைப்பதைப் பறிக்கலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

ப: வேண்டாம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றி எதையும் பறிக்கக்கூடாது. தவிர, மழைக்குப் பின் புல்லில் எழும் பெரிய வெள்ளைக் குடைகளில் பச்சைத்தூள் கொட்டும் நச்சுவகை ஒன்று உண்டு. தின்றால் கடும் வாந்தியும் பேதியும் வரும். கைப்பேசியைத் தரையோடு ஒட்டிப் பிடித்துப் படமெடுங்கள். பறிக்காமலேயே செதில்கள் தெரியும்.