கராஜ் தெரிகிறது, வாசல் தெரியவில்லையா?

கேள்வி: அமெரிக்க ஸ்டாண்ட்-அப் காமெடியன் மார்க் மேரன், வீட்டு கராஜில் மைக் வைத்துப் பேசியே ஒபாமாவை அங்கே வரவழைத்தார். நானும் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு காமெடி, பாட்காஸ்ட் என்று இறங்கப்போகிறேன். எந்த மைக் வாங்கலாம்?
- வாசகர், தென்காசி

பதில்: மைக்கைப் பிறகு வாங்கலாம். ராஜினாமாக் கடிதத்தை முதலில் கிழித்துப் போடுங்கள்.

மேரன் பாட்காஸ்ட் தொடங்கியது 2009 செப்டம்பரில். அப்போது வயது 45. மேடையேறி இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆரம்ப காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் 'காமெடி ஸ்டோர்' கிளப்பில் வாசல் காவல் பார்த்தவர். கோனன் ஓ'பிரையனின் டி.வி. நிகழ்ச்சியில் நாற்பது தடவைக்கு மேல் வந்தும் பெரிய பெயர் கிடைக்கவில்லை. ஏர் அமெரிக்கா வானொலி வேலையும் போனது. முதல் பதிவுகள் அந்த ஸ்டூடியோவிலேயே, ராத்திரியில் புகுந்து செய்தவை. கராஜ் அப்புறம்தான்.

அதே வானொலியில் பழகிய பிரெண்டன் மெக்டொனால்ட்தான் கடைசிவரை தயாரிப்பாளர், எடிட்டர். உங்களிடம் ஒரு மெக்டொனால்ட் உண்டா? பர்கர் கடை கணக்கில் வராது.

வாரம் இரண்டு எபிசோட், திங்களும் வியாழனும். 2015 ஜூனில் ஒபாமா வந்து உட்கார்ந்தது 613ஆவது எபிசோடுக்கு. இன்னொன்று: 2022இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த, நடிகர் ராபின் வில்லியம்ஸ் பேட்டி கராஜில் எடுத்ததே அல்ல. 2010இல் வில்லியம்ஸ் வீட்டுக்குப் போய் எடுத்தது.

சரி, மைக். டைனமிக் வகை போதும். சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை வாங்கினால் சீலிங் ஃபேனும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் உங்கள் விருந்தினர்களாகிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு கையகலம் விட்டு, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று மோதி 'டப்' என்று கேட்கும். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக், அதாவது தனித்தனிப் பதிவு. ஒரே டிராக்கில் எடுத்தால், விருந்தினர் பேச்சின் மேல் விழுந்த உங்கள் இருமலை வெட்ட முடியாது. பதிவுக் கருவி காட்டும் ஒலி லெவல் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலைப் பிறகு ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள அறை எதிரொலிக்கும். துணி பீரோவும் மெத்தையும் இருக்கும் அறை நல்லது.

மேடைக்கு வேலையை விட வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறும் 'ஓப்பன் மைக்' ராத்திரியில்தான் நடக்கிறது, கிடைப்பதும் ஐந்து நிமிஷம்தான். அதே ஐந்து நிமிஷத்தைப் பத்து இடத்தில் சொல்லுங்கள். ஃபோனில் பதிவு செய்து, முதல் சிரிப்பு எத்தனையாவது விநாடியில் என்று பாருங்கள். முப்பதைத் தாண்டினால் முன்னுரையை வெட்டுங்கள்.

தமிழில் ஒரு தனித் தொல்லை உண்டு. வினைச்சொல் கடைசியில் வந்து நின்று சிரிப்பை மிதித்துவிடும். "பந்தியில மாப்பிள்ளை ரசத்துக்கு ஸ்ட்ரா வேணும்னு கேட்டாராம்" என்றால், 'ஸ்ட்ரா'வில் வாய் திறந்தவர் 'கேட்டாராம்' வரும்வரை காத்திருப்பார். "பந்தியில மாப்பிள்ளை கேட்டது என்ன தெரியுமா? ரசத்துக்கு ஸ்ட்ரா." அங்கே நிறுத்துங்கள். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வார்த்தை வேண்டாம்.

ஒரு நிமிஷம் பாக்கி என்று பின்னாலிருந்து விளக்கடிப்பார்கள். அதை மீறிப் பேசினால் அடுத்த வாரப் பட்டியலில் பெயர் இருக்காது. ஆபீஸ் மீட்டிங் பழக்கம் அங்கே செல்லாது.