ஓவன் போட்டால் ஹைட்ரோ பில் எகிறுமா?

தங்கச்சி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம்தான், மகளுக்குக் கேக் செய்து கொடுக்க ஆசை, ஆனால் ஓவன் போட்டால் ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், எகிறிவிடும் என்று வீட்டுச் சொந்தக்காரர் வெருட்டுகிறார், உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாமல் போடுங்கள். எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள்.

நானும் வந்த முதல் குளிர்காலம் முழுக்க ஓவனைத் தொடவில்லை. உள்ளே சட்டி பானைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஊரில் போறணை என்றால் பேக்கரியில் இருப்பது. வீட்டுக் குசினியில் ஒன்று இருந்தால் அது கரண்டைக் குடிக்கும் என்றுதான் மனம் சொன்னது.

கணக்கைப் பாருங்கள். இங்குள்ள 240 வோல்ட் ஓவன் 2,500 முதல் 3,000 வாட் வரை இழுக்கும். ஆனால் முழு நேரமும் அப்படி இழுக்காது. வேண்டிய சூடு வந்ததும் நின்றுவிடும், சூடு இறங்கினால் திரும்பப் பிடிக்கும். 350 டிகிரி ஃபாரன்ஹைட்டில் ஒரு மணித்தியாலம் வேகும் பட்டர் கேக்குக்கு, முதலில் சூடாக்குவதையும் சேர்த்து, ஏறக்குறைய 2 யூனிட் (பில்லில் kWh என்று இருக்கும்). 2024 நவம்பரில் வந்த விலைப்படி ஒரு யூனிட் மலிவு நேரத்தில் 7.6 சதமாகவும், உச்ச நேரத்தில் 15.8 சதமாகவும் இருந்தது. அதாவது அந்த விலையில் அதே கேக்குக்கு 15 சதம் அல்லது 32 சதம். இதற்கு மேல் டெலிவரி கட்டணமும் வரியும் உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் விலை மாறும், உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுப் பாருங்கள்.

மலிவு நேரம் என்பது கிழமை நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 வரை, சனி ஞாயிறும் அரச விடுமுறையும் நாள் முழுக்க. குளிர்காலத்தில் பின்னேரம் 5 முதல் 7 வரை உச்ச விலை. வேலையால் வந்து சமைக்கிற அதே நேரம்! அந்த இரண்டு மணித்தியாலம் அடுப்பிலேயே சமாளித்துவிட்டு, ஓவன் வேலையை ஏழுக்குப் பிறகு வையுங்கள்.

அப்புறம், இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவாகத் தரும் இன்னொரு திட்டமும் நம்முடைய ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் அதில் கிழமை நாட்களில் பின்னேரம் 4 முதல் 9 வரை விலை மிக அதிகம். உங்களைப் போலப் பின்னேரம் சமைக்கிற குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வாடகைக்கு இருப்பது பேஸ்மென்டில், அதற்குத் தனி மீட்டர் இல்லையென்றால், வீட்டுச் சொந்தக்காரர் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

சனிக்கிழமை கேக்கை எடுத்த கையோடு, சூடு ஆறுவதற்குள் கோழியையும் வைத்துவிடுங்கள். இரண்டாவது முறை சூடாக்குகிற செலவு மிச்சம். கோழி, உருளைக்கிழங்கு என்றால் கடைசி பத்து நிமிடம் நிற்பாட்டிவிட்டு மூடியே வைத்தால் உள்ளிருக்கும் சூட்டில் வெந்துவிடும்; கேக்குக்கு அப்படிச் செய்ய வேண்டாம். கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், உள்ளே லைட் இருக்கிறது. காற்றாடி உள்ள கன்வெக்‌ஷன் என்றால் 25 டிகிரி குறைத்து வைக்கலாம். நாலு ரோல்ஸைச் சூடாக்கச் சின்ன டோஸ்டர் ஓவன் போதும்.

குளிருக்கு என்று ஓவன் கதவைத் திறந்து வைத்து வீட்டைச் சூடாக்க மட்டும் ஒருநாளும் வேண்டாம், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு.

பில்லைக் குறைக்க வேண்டுமென்றால் உடுப்புக் காயவைக்கிற ட்ரையரைப் பாருங்கள். அது 5,000 வாட் அளவுக்கு இழுக்கும், அதுவும் பிள்ளை உள்ள வீட்டில் கிழமைக்கு நாலைந்து தடவை ஓடும். அதை இரவு ஏழுக்குப் பிறகு போட்டாலே, மகளின் கேக்குக்கான காசு அதில் வந்துவிடும்.